பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவோம்

இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையொன்று தரம் 6 இல் இருக்கிறது. தரம் 2 வாசிப்புப் புத்தகத்தையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறது. ஆசிரியரோ தரம் 6 பாடத்தை முடித்தாக வேண்டும். பிள்ளை பின்வாங்கில் பேசாமல் இருக்கிறது. சில மாதங்களில் "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற பேச்சு எழுகிறது. அடுத்த வெங்காயப் போகத்தில் அவனைத் தோட்டத்தில் நிறுத்திவிடுகிறோம். படிப்பு ஏறாது என்ற அந்தத் தீர்ப்பு சரிதானா? ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றைக் கொண்டு சிந்திப்போம்.

இடைவெளி எப்படி வந்தது?

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் சென்றனர். பலர் பின்னர் வன்னிக்கும் போயினர். மர நிழலிலும் கொட்டிலிலும் படித்த அன்றைய பிள்ளைகள் இன்று பெற்றோர். அவர்களின் பிள்ளைகளுக்கு 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலை பூட்டப்பட்டது. எழுத்துப் பழகும் வயதில் பாடசாலை தவறினால் அந்தப் பிள்ளை வகுப்பேறும், வாசிப்பு ஏறாது.

இன்னொரு காரணமும் உண்டு. போரின் உளத்தாக்கங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் அதுபற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கவனம் நிலையாமை, மறதி, நித்திரைக் குழப்பம் ஆகியவை போரில் அகப்பட்ட பிள்ளைகளிடம் காணப்படுபவை. இவை காயப்பட்ட மனத்தின் அடையாளங்கள். இவற்றை மொக்குத்தனம் என்று எண்ணுவது தவறு.

மும்பாயில் கண்டது

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் மும்பாய், வடோதரா நகரப் பாடசாலைகளில் ஒரு முயற்சி செய்தது. பின்தங்கிய பிள்ளைகள் 15 முதல் 20 பேரை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வேறாக இருத்தி, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பித்தார்கள். கற்பித்தவர்கள் அதே பகுதியில் இடைநிலைக் கல்வி முடித்த இளம் பெண்கள்; பயிற்சி ஏறத்தாழ இரண்டு வாரமே. எந்தப் பாடசாலையில் எந்த வகுப்புக்கு இந்த உதவி என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தெரிந்து, மற்ற வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள் ஆய்வாளர்கள். 2007 இல் முடிவு வெளிவந்தது. பிள்ளைகளின் புள்ளிகள் உயர்ந்தன. மிகவும் பின்தங்கியவர்களே கூடுதலாக முன்னேறினர். பிரிந்து வந்த பிள்ளைகளுக்கே பயன் கிடைத்தது. வகுப்பில் மீதி இருந்தோருக்கு, பிள்ளைத்தொகை குறைந்ததால் மட்டும் முன்னேற்றம் வரவில்லை. ஆகவே பிள்ளையின் நிலைக்கு ஏற்ற பாடமே பலன் தந்தது எனலாம். இந்த ஆய்வைச் செய்தவர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019 இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றோரில் அடங்குவர்.

விவசாயிக்கு இது புதிதல்ல. தறையில் மேடும் பள்ளமும் இருந்தால் ஒரே வாய்க்கால் தண்ணீர் எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவில் ஏறுமா?

நமது வடக்கில் கண்டது

வட இலங்கையில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2012 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குப் பாடசாலையில் 15 அமர்வுகளில் மன ஆறுதல் தரும் பயிற்சிகளும் ஆக்கச் செயற்பாடுகளும் நடத்தப்பட்டன. எல்லோருக்கும் பொதுவாகப் பெரிய பலன் கிடைக்கவில்லை. அன்றாட வாழ்வில் போர்ச் சூழலின் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளே கூடுதல் பயன் பெற்றனர். சில சிறுமிகளுக்கு எதிர்பார்த்த நன்மை வரவில்லை. இதில் நமக்குப் பாடம் உண்டு: நல்ல பயிற்சியும் பிள்ளையின் இன்றைய நெருக்கடியைத் தாண்டிப் பலன் தருவது கடினம்.

நாம் செய்யக்கூடியவை

1. ஐந்து நிமிடச் சோதனை. பிள்ளைக்கு முன்னால் எழுத்துகள், இலகுவான சொற்கள், ஒரு சிறு பந்தி, ஒரு சிறுகதை என்று ஒழுங்காக வையுங்கள். தடுமாறும் படியே தொடங்கும் படி. தரத்தைப் பார்க்க வேண்டாம்.

2. நாளும் ஒரு மணி நேரம். ஆசிரியர் வாரத்தில் சில பாடவேளைகளை இதற்கு ஒதுக்கலாம். அயலில் உயர்தரம் முடித்த அக்காமார் மாலையில் உதவலாம். ஒரே படியில் நிற்கும் பிள்ளைகளைச் சேர்த்து இருத்துங்கள், வயது வேறுபடலாம்.

3. கேட்டுப் பார்த்தல். புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைப் பிள்ளை சொல்லட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நெடுநாள் நிற்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எழுத்தறியாத தாயும் இதைச் செய்யலாம்.

4. நெருக்கடியைக் குறைத்தல். படிக்கும் நேரத்தில் தண்ணீர் அள்ளவும் ஆடு கட்டவும் அனுப்பாதீர்கள். பெண்பிள்ளைக்கும் இதே உரிமை உண்டு.

5. பெயர் சூட்டாதிருத்தல். "மக்கு வகுப்பு" என்ற சொல் எங்கும் எழக்கூடாது. படியைத் தாண்டிய பிள்ளை உடனே அடுத்த குழுவுக்குப் போகட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்து கொப்பியில் குறித்து வையுங்கள். முன்னேற்றம் இல்லாவிடில் கற்பிக்கும் முறையை மாற்றுங்கள்.

கலந்துரையாடுவதற்கு

- நமது ஊரில் வாசிக்கத் தெரியாமல் வகுப்பேறிய பிள்ளைகள் எத்தனை பேர்?
- மாலை நேரத்தில் கற்பிக்க யார் முன்வருவார்? எந்த இடத்தில்?
- இடைவிலகிய பிள்ளையை மீண்டும் பாடசாலைக்கு அனுப்ப அந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி தேவை? அதிபருடன் யார் பேசுவது?