பள்ளியில் பேசாத பிள்ளைக்கு அடி மருந்தல்ல

“வீட்டுல வாய் ஓயாது மேடம். ஸ்கூல் வாசலைத் தாண்டினா ஒரு வார்த்தை வராது. எல்லாம் அழுத்தம். நாலு போடு போட்டா தானா பேசுவா.” எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளைக் கூட்டிவரும் அப்பாக்களும் தாத்தாக்களும் இதைச் சொல்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இதையே சொல்லும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

அந்தப் பிள்ளைக்கு இருப்பது பயம். செலக்டிவ் மியூட்டிசம் என்பார்கள். வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, பேசியாக வேண்டிய வேறோர் இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வாய் திறக்காவிட்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. 1877இல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் குஸ்மாலும் வேண்டுமென்றே பேசாதிருப்பதாகத்தான் நினைத்தார். அது அந்தக் காலம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு 2013லேயே இதைப் பதற்றக் கோளாறுகளில் சேர்த்துவிட்டது.

அடம்பிடிக்கும் குழந்தையை நாம் பார்த்ததில்லையா? அழும், உதைக்கும், பேரம் பேசும், ஓரக்கண்ணால் நம் முகத்தைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் அடங்கிவிடும். இந்தக் குழந்தையோ பெயரைக் கூப்பிட்டதும் விறைத்துப்போகிறது. முகத்தில் சலனம் இல்லை. ‘உள்ளேன் மிஸ்’ என்று சொல்ல உதடு அசைந்தாலும் சத்தம் வருவதில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் சீருடையை நனைத்துக்கொள்கிறது. பாட்டில் மூடி இறுகிவிட்டால் மாலைவரை தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. விழுந்து முட்டி பெயர்ந்தாலும் யாரிடமும் சொல்வதில்லை. தன் வாய்க்கு வேண்டிய தண்ணீரைக்கூட விட்டுக்கொடுத்து எந்தப் பிள்ளை அடம்பிடிக்கும்? இதைப் பார்த்த பிறகும் ‘அழுத்தக்காரி’ என்று முத்திரை குத்துபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

‘பேசினால்தான் டிபன் பாக்ஸ்’ என்பதும், பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துவதும் நோயை வளர்க்கும் வேலைகள். ஒருவர் கேள்வி கேட்கிறார், குழந்தை உறைகிறது, அதட்டல் விழுகிறது. அடுத்த கேள்விக்குப் பயம் இரண்டு மடங்காகிறது. பக்கத்தில் அம்மா இருந்தால் அவள் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள், குழந்தைக்கு நிம்மதி. பேசாதிருந்தால் தப்பிக்கலாம் என்று அதன் உடம்பு படித்துக்கொள்கிறது. அதட்டலும் வேண்டாம், முந்திக்கொண்டு பதில் சொல்வதும் வேண்டாம். நடத்தைச் சிகிச்சை இந்தச் சுற்றைத்தான் அறுக்கிறது.

எப்படி? ஆளில்லாத வகுப்பறையில் அம்மாவும் குழந்தையும் விளையாடுகிறார்கள். குழந்தை வீட்டில் பேசுவதுபோல் பேசத் தொடங்குகிறது. ஆசிரியை முதலில் கதவுக்கு வெளியே இருக்கிறார். சில நாள் கழித்துக் கதவு கொஞ்சம் திறக்கிறது. பிறகு உள்ளே வந்து ஒரு மூலையில் நோட்டுத் திருத்துகிறார். பிறகு விளையாட்டில் சேர்கிறார். அம்மா மெல்ல விலகுகிறாள். குழந்தை தடுமாறினால் ஒரு படி பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியை ஆரம்பத்தில் கேள்வியே கேட்கக் கூடாது. ‘நீ பெரிய கோபுரம் கட்டுறே’ என்று நடப்பதைச் சொன்னால் போதும். பிறகு ‘சிவப்பா, நீலமா?’ என்று இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வி அது. கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் முடிவதில்லை. பதில் வந்தால் ‘சிவப்பு! சொன்னதுக்குத் தேங்க்ஸ்’ என்று முடித்துக்கொள்ளுங்கள். வகுப்பு முழுக்கக் கைதட்ட வைக்காதீர்கள்.

இதற்குச் சான்று உண்டு. லிண்ட்சே பெர்க்மன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் 4 முதல் 8 வயதுவரை 21 குழந்தைகள். 24 வாரச் சிகிச்சைக்குப் பிறகு, சிகிச்சை பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் நல்ல முன்னேற்றம் அடைந்ததாக மதிப்பிடப்பட்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர்கூட அப்படி முன்னேறவில்லை. நார்வேயில் வீட்டிலும் பள்ளியிலுமாகச் சிகிச்சை பெற்ற 30 குழந்தைகளை 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோது 21 பேர் முழுதும் குணமாகியிருந்தார்கள். சின்ன வயதில் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம்.

ஆகவே ‘குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினார், பொறுங்க’ என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். அவருடைய திருச்செந்தூர் வரலாறு பேச்சே வராத பிள்ளையைப் பற்றியது. உங்கள் பிள்ளை வீட்டில் பேசுகிறது. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பதும் வீண். நாக்கில் குறையே இல்லை. ‘ஏதோ நடந்திருக்கு’ என்று குடும்பத்தைச் சந்தேகிப்பவர்களுக்கு: பெரும்பாலான குழந்தைகளிடம் அப்படி எதுவும் இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் பேசிய பிள்ளை திடீரென்று எங்கும் பேசாமல் போனால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயம். வீட்டிலும் இங்கிலீஷில் பேசுங்கள் என்ற அறிவுரையையும் ஒதுக்குங்கள். தமிழ் பேசும் ஆயாவிடமும் மாதக்கணக்கில் பேசாத பிள்ளைக்குச் சிக்கல் இங்கிலீஷ் அல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றரை வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாதவர் முன் நிறுத்திப் பெயரும் நிறமும் கேட்கும் எல்.கே.ஜி. ‘இன்டர்வியூ’ ஒழிய வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கைக்காக வடிகட்டுவதைத் தடை செய்கிறது. அது எல்.கே.ஜி.க்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். அந்த மேசைக்கு முன்னால் உறைந்துபோகும் பிள்ளையால் அதுவரை காத்திருக்க முடியாது. தொடக்க வகுப்புகளில் வாய்மொழித் தேர்வில் பேசாததற்கு முட்டை போடுவதையும் நிறுத்துங்கள். எழுதியோ, வீட்டில் பேசிப் பதிவு செய்தோ காட்டட்டும்.

பெற்றோர் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தலைமை ஆசிரியரிடம் போய், காலை மணி அடிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒரு காலி வகுப்பறை கேளுங்கள். குழந்தை நல மருத்துவரோ மனநல ஆலோசகரோ ஒரு கடிதம் தந்தால் அதையும் கொண்டுபோங்கள். பள்ளிக்கு இதனால் ஒரு ரூபாய் செலவில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.