ஹோலில் கமரா பூட்டலாமா?

கேள்வி: அறுகம்பையில் உல்லாசப் பயணிகளுக்கு விடும் எங்கள் வீட்டு ஹோலில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு சீசீரிவி கமரா பூட்டலாமா? – வாசகர், கல்முனை

பதில்: எயார்பிஎன்பியில் பதிந்த வீடென்றால் முடியாது. முன்பு ஹோல், நடை போன்ற இடங்களில் அறிவித்துவிட்டுப் பூட்ட அந்நிறுவனம் இடம் கொடுத்திருந்தது. 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுக்க அதற்குத் தடை. அணைத்து வைத்திருந்தாலும் வீட்டுக்குள் கமரா கூடாது. கேற்றிலும் முற்றத்திலும் பூட்டலாம். எங்கே இருக்கிறதென்று முன்பதிவுக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். கடலில் குளித்து வருவோருக்காக வெளியே அடைத்துக் கட்டிய குளிப்பிடத்தின் பக்கம் அது திரும்பக்கூடாது.

வாய்வழியாகவே வாடகைக்கு விடுபவர்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த வீட்டுத் தேவைக்கு விலக்களிக்கிறது. காசுக்கு விடும் வீட்டை அதற்குள் அடக்குவது கடினம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெருநாள் விடுமுறைக்கு சாய்ந்தமருதிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ ஒரு குடும்பம் வந்து இறங்கினால், பெண்கள் பர்தாவைக் கழற்றிவிட்டு ஹோலில்தான் பாய் விரிப்பார்கள். படுக்கையறை மட்டுமே அந்தரங்கம் என்ற கணக்கு இந்தக் கரையில் எடுபடாது. களவுக்குப் பயமென்றால், பெறுமதியான சாமானை ஓர் அறையில் போட்டுப் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோகலாம்.