மேற்கோள் குறிகளை ஒரே சீராக்க

கேள்வி: கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குத் தமிழில் அறிவிப்புகள் டைப் செய்து தருகிறேன். பல ஃபைல்களிலிருந்து எடுத்து ஒட்டுவதால் மேற்கோள் குறிகள் சில நேராகவும் சில வளைந்தும் வருகின்றன. மொத்தமாக மாற்ற முடியுமா?
– வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: முடியும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் வழியாக ‘ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே ‘ஸ்மார்ட் கோட்ஸ்’ டிக் இருந்தால் குறிகள் வளையும், எடுத்துவிட்டால் நேராகும். வேண்டியதை முடிவு செய்துகொண்டு, கன்ட்ரோலுடன் எச் அழுத்துங்கள். இரண்டு பெட்டியிலும் " குறியையே போட்டு ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுங்கள். ‘வைல்டுகார்ட்ஸ்’ டிக் இல்லாதவரை வேர்டு இரண்டு வகையையும் ஒன்றாகவே தேடும். ஒற்றை மேற்கோளுக்கும் இதே வழிதான். கோடுகளும் இப்படிக் கலந்து வந்தால், தேடும் பெட்டியில் நீண்ட கோட்டுக்கு ^+, அதைவிடச் சிறிய கோட்டுக்கு ^= போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பழைய ஃபைல் பாமினி எழுத்துருவில் இருந்தால் கை வைக்காதீர்கள். அதில் அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியும், கமாவின் இடத்தில் ‘இ’யும் இருக்கும். அரைப்புள்ளியை மொத்தமாக நீக்கினால் ‘தமிழ்’, ‘தமிழ’ ஆகிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். குறிகளைப் பிறகு திருத்தலாம்.