சி டிரைவில் போன தாத்தா போட்டோ

இந்த வாரம் கணிப்பொறிப் பகுதி நான் எழுதுகிறேன்.

எங்க மாமா வீட்டு கம்ப்யூட்டர் ஒரு நாள் ஆன் ஆகவில்லை. ரிப்பேர் செய்ய வந்த அண்ணன் சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோசைப் புதுசாகப் போட்டுக் கொடுத்தார். நன்றாக ஓடியது. ஆனால் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த தாத்தாவின் அறுபதாம் கல்யாண போட்டோ எல்லாம் காணோம். டி டிரைவில் இருந்த சினிமாப் பாட்டு ஒன்று கூட அழியவில்லை! தாத்தா இப்போது இல்லை. பாட்டி மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை.

ஏன் இப்படி ஆச்சு? டெஸ்க்டாப் திரையில் தெரிந்தாலும் அதுவும் ஒரு ஃபோல்டர்தான். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள், நம் பெயருக்குள் இருக்கிறது. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே அங்கேதான். விண்டோசும் அதே சி டிரைவில்தான் குடியிருக்கிறது. அடுப்படியை இடித்துக் கட்டும்போது பானை சட்டியை முதலில் வெளியே எடுக்கணும் இல்லையா? அதை யாரும் எடுக்கவில்லை. (ஏ, பி டிரைவ் எங்கே என்று கேட்பீர்கள். அந்த இரண்டு எழுத்தும் அந்தக் காலத்து ஃப்ளாப்பிக்குக் கொடுத்தது.)

இப்போது செய்முறை. டி டிரைவில் 'படங்கள்' என்று புது ஃபோல்டர் போடுங்கள். பிக்சர்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். அதில் லொகேஷன் என்று இருக்கும். மூவ் பட்டனை அழுத்தி அந்தப் புது ஃபோல்டரைக் காட்டி அப்ளை கொடுக்கணும். பழைய ஃபைல்களையும் மாற்றவா என்று கேட்கும். இங்கேதான் நானும் முதல் தடவை ஏமாந்தேன். நோ கொடுத்தால் பழைய படமெல்லாம் சி டிரைவிலேயே கிடக்கும். எஸ் கொடுங்கள்.

டெஸ்க்டாப்புக்கும் டாக்குமெண்ட்சுக்கும் இதே முறைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் போடணும். ஒரே ஃபோல்டரைக் காட்டினால் எல்லாம் கலந்து போகும். வெறும் டி டிரைவையே காட்டவும் கூடாது, பிறகு பழையபடி மாற்றுவது பெரிய தொல்லை. ப்ரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஃபோல்டர் பக்கமே போகாதீங்க.

கட் செய்து பேஸ்ட் செய்தால் போதாதா என்று என் தோழி கேட்டாள். இருக்கிற படம் போகும், சரி. நாளைக்கு ஏற்றும் படம் திரும்பவும் சி டிரைவிலேதான் வந்து உட்காரும்.

பிறகு எப்போதாவது விண்டோசைப் புதுசாகப் போட்டால் பிக்சர்ஸ் காலியாகத் தெரியும். பயந்துடாதீங்க. படம் டி டிரைவில் பத்திரமாக இருக்கும், லொகேஷனை மறுபடி காட்டினால் போதும். டி டிரைவை ஃபார்மட் செய்யக் கூடாது என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிடணும்.

இன்னொன்று. நிறைய வீட்டில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்ட இரண்டு தடுப்புதான், ஒரே பீரோவில் இரண்டு தட்டு மாதிரி. டிஸ்க்கே கெட்டால் இரண்டும் போகும். அதனால் முக்கியமானதை வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

மாமா போன வாரம் எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டார். தாத்தா படம் ஒன்று அத்தையின் பழைய செல்போனில் கிடைத்தது. கொஞ்சம் மங்கல்தான். அதை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி