கேமரா அனுப்பும் அபராதமும் உரிமையாளரின் மறுப்பும்

கேள்வி: சாலைக் கேமராவின் பதிவைக் கொண்டு அனுப்பப்படும் இ-சலானை வாகன உரிமையாளர் மறுக்க இயலுமா?

பதில்: இயலும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, இ-சலான் எனப்படும் மின்னணு அபராத அறிவிப்பு குற்றம் நிகழ்ந்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுப்பப்பட வேண்டும் என்பதோடு, விதிமீறலையும் பதிவெண்ணையும் தெளிவாகக் காட்டும் படமும், நாள், நேரம், இடம் ஆகிய விவரங்களும் அதில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே முதல் வேலை. 3 என்ற இலக்கம் 8 எனப் படிக்கப்பட்டிருந்தாலோ, ஸ்கூட்டரின் பெயரில் வந்த அறிவிப்பில் கார் தெரிந்தாலோ, பதிவுச் சான்றின் நகலை இணைத்துப் போக்குவரத்துக் காவல்துறையிடம் முறையிடலாம். கேமரா கண்காணிக்கும் சாலைப் பகுதிக்கு முன் எச்சரிக்கைப் பலகை இருப்பதும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் இருப்பதும் கட்டாயம் என்பதை அறியாமலேயே பலர் பணத்தைக் கட்டிவிடுவது வருந்தத்தக்கது. முறையீடு ஏற்கப்படாவிட்டால் நீதிமன்றத்தில் வாதிடலாம். வழக்கு முடியும்வரை மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருப்பது அதிகாரிகளின் கடமையாகும்.