மலை மறைக்கும் அலையும் மறைக்காத அலையும்

(பி.எஸ்ஸி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சமவெளியில் வாழ்வோர்க்குத் தொலைக்காட்சி என்பது பொத்தானை அழுத்தினால் தெரியும் ஒரு பொருள். மலையில் வாழும் நமக்கோ அது நெடுங்காலம், வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்த பொருளாகவே இருந்தது. ஒரே தேயிலைத் தோட்டத்தில் மேட்டிலுள்ள பங்களாவில் படம் தெளிவாகத் தெரியும். பள்ளத்திலுள்ள லைன் வீடுகளில் வெறும் புள்ளிகள்தாம் மின்னும். இதற்குக் காரணம் என்ன? அந்த நிலை எவ்வாறு மாறியது? நம் வீட்டுக் கூரையில் குடை ஆண்டெனாவை நாமே பொருத்திக்கொள்வது எப்படி? நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டு இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேர்கோட்டில் செல்லும் அலை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பட்டது. தரையிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. ஆகவே கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்து அலை எட்டும் தூரம் அமைகிறது. அதைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு.

தூரம் (கி.மீ.) = 4.12 × √உயரம் (மீட்டர்)

சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் ஒன்றிருந்தால் அதன் அலை சுமார் 41 கி.மீ. வரை செல்லும். கோபுரத்தை மலைமேல் வைத்தால் என்ன ஆகும்? கொடைக்கானல் நிலையம் சமவெளிக்கு மேல் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொண்டால், வாய்பாடு தரும் விடை சுமார் 170 கி.மீ. ஆகும். குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்கள் கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ளன. ஆகவே தென்கிழக்கு நோக்கிய சரிவில் வீடு உள்ளவர்க்கு அந்த அலை கிட்ட வழியுண்டு. அதே மலையின் மறுபக்கத்தில் இருப்பவர்க்கு மலையே சுவராகி விடுகிறது.

எங்கள் குடும்பத்தோடு தொடர்புள்ள மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. என் பாட்டி இலங்கை நுவரெலியாவில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய ஆயிரக்கணக்கானோருள் ஒருவராக நீலகிரிக்கு வந்தார். அவர் சிறு வயதில் நாள்தோறும் பார்த்த பிதுருதலாகலை மலையின் உயரம் 2,524 மீட்டர். 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-இல் தொடங்கப்பட்ட இலங்கை ரூபவாகினியின் முதன்மை ஒளிபரப்புக் கோபுரம் அந்த மலையுச்சியில்தான் நிற்கிறது. நடுவில் கடல் இருந்தும், தமிழகத்தின் தென்மாவட்ட மக்கள் அக்காலத்தில் ரூபவாகினியைக் கண்டு களித்தனர். கடல் மறைக்கவில்லை; மலைதான் மறைக்கும் என்பது இதனால் விளங்குகிறது அன்றோ?

அக்காலத்தில் கூரைமேல் நின்ற அலுமினியக் குழாய் ஆண்டெனா, யாகி ஆண்டெனா எனப்படும். 1926-இல் ஜப்பானிய அறிஞர்களான உடா, யாகி ஆகியோரால் உருவாக்கப்பட்டது. அதன் குழாய்களின் நீளம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. 200 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் 1.5 மீட்டர், ஆகவே குழாய் சுமார் 75 செ.மீ. நீளமிருக்கும். மூங்கில் கழியில் அதைக் கட்டி, ஒருவர் கூரைமேல் நின்று திருப்ப, மற்றொருவர் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்த கதையை நம் பெற்றோரிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனால் எத்துணை உயரக் கழியை நட்டாலும் பள்ளத்திலிருந்து மலையுச்சியைத் தாண்ட இயலாது.

தலைக்கு மேலிருந்து வரும் அலை

பூமத்திய ரேகைக்கு நேர்மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒருமுறை சுற்றுகிறது. எனவே நமக்கு அது வானில் ஓரிடத்திலேயே நிற்பது போல் தோன்றும். இதைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945-இல் ஆர்தர் கிளார்க் எழுதினார். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சிகளை அனுப்பி நம் நாடு சோதனை செய்தது. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் ஆன 3 மீட்டர் குடைகள் அதற்குப் போதுமாயிருந்தன. 1983-இல் இன்சாட்-1பி விண்ணில் ஏறியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமற்ற நேரடிச் சேவை தொடங்கியது. இன்று அது டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. மறுபுறம், தரைவழிப் பழைய ஒளிபரப்பிகள் 2022-க்குள், எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, நிறுத்தப்பட்டன. யாகி ஆண்டெனாவின் காலம் அத்துடன் முடிந்தது.

ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ளது. உதகை வட அட்சரேகை 11.4 பாகையிலும், தீர்க்கரேகை 76.7 பாகையிலும் உள்ளது. கோள வடிவக் கணிதத்தின்படி கணக்கிட்டேன். உதகையிலிருந்து பார்க்கையில் இந்தச் செயற்கைக்கோளின் ஏற்றக் கோணம் சுமார் 66 பாகை. வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளந்தால் திசைக் கோணம் சுமார் 123 பாகை, அதாவது ஏறக்குறையத் தென்கிழக்கு. நீலகிரி மாவட்டம் முழுமைக்கும் இவ்விரு எண்களும் பெரிதும் மாறா.

இந்த 66 பாகையில்தான் மலைவாசிகளின் நன்மை அடங்கியிருக்கிறது. ஆண்டெனாவைவிட 10 மீட்டர் உயரமான சில்வர் ஓக் மரம் அந்தத் திசையில் நான்கரை மீட்டருக்கு அப்பால் இருந்தால் அது அலையை மறைக்காது. வீடு கட்டக்கூடிய எந்தச் சரிவும் 66 பாகை செங்குத்தாக இருப்பதில்லை. எனவே மேட்டுப் பங்களாவுக்குக் கிடைக்கும் அதே அலை, அதே வலிமையுடன் பள்ளத்து லைன் வீட்டுக்கும் கிடைக்கிறது.

முத்தோரையும் நம் கூரையும்

உதகைக்கு அருகே முத்தோரையிலுள்ள வானொலித் தொலைநோக்கியைக் கண்டிராத மாணவர் நம் கல்லூரியில் குறைவு. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைக்கப்பட்டு 1970-இல் செயல்படத் தொடங்கிய அது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. நம் கூரைமேல் உள்ள சிறு குடையும் அதுவும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. பரவளைய வடிவப் பரப்பின்மேல் விழும் இணையான அலைகள் யாவும் குவியத்தில் சென்று கூடும். முத்தோரையில் அது உருளை வடிவப் பரவளையம். ஆகவே அலைகள் ஒரு கோட்டில் குவிகின்றன. நம் குடையில் ஒரு புள்ளியில் குவிகின்றன. அந்தப் புள்ளியில் இருப்பதே எல்.என்.பி. என்னும் கருவி.

முத்தோரையில் தகடு இல்லை. 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே பரப்பாக அமைந்துள்ளன. அதன் அதிர்வெண் 326.5 மெகா ஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 92 செ.மீ. கம்பிகளுக்கிடையே உள்ள சில சென்டிமீட்டர் இடைவெளி அவ்வளவு நீண்ட அலைக்கு இடைவெளியாகவே தோன்றாது. ஆனால் நம் வீட்டுக்கு வரும் அலையின் நீளம் சுமார் 2.6 செ.மீ. மட்டுமே. ஆகவே குடை வழவழப்பான தகடாக இருக்க வேண்டும். கல் பட்டு நெளிந்த குடையில் படம் குறைவதன் காரணம் இதுவே.

பொருத்தும் முறை

முதலாவது, இடம் தேர்தல். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மார்ச் மாத நடுவில் முற்பகல் சுமார் 11.15 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய ஜிசாட்-15 இருக்கும் அதே இடத்தில் நிற்கிறது. செப்டம்பர் இறுதியில் அது 11 மணியளவில் நிகழும். அந்நேரத்தில் மர நிழலோ கூரை நிழலோ படாத இடமே குடைக்கு ஏற்ற இடம். மற்ற நாட்களில் கோணமானியில் நூல்குண்டு கட்டி 66 பாகையை நோக்கிப் பார்த்துக்கொள்ளலாம். மின்கம்பிகளுக்கு அருகில் மட்டும் எக்காரணம் கொண்டும் பொருத்தலாகாது.

இரண்டாவது, கம்பம். இது செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டோ ரசமட்டமோ இதற்குப் போதும். கம்பம் சாய்ந்திருந்தால் குடையைத் திருப்பும்போது ஏற்றக் கோணமும் சேர்ந்து மாறி நம்மை அலைக்கழிக்கும்.

மூன்றாவது, ஏற்றக் கோணம். குடையின் பின்புறமுள்ள அளவுகோலில் 66-இல் வைக்க வேண்டும். வைத்த பின் குடை அவ்வளவு மேல்நோக்கி இராததைக் கண்டு திகைக்க வேண்டாம். இக்குடைகள் பரவளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தவை போன்றவை. எனவே அதன் முகம் உண்மைக் கோணத்தைவிடச் சுமார் 25 பாகை தாழ்ந்தே தோன்றும்.

நான்காவது, திசை. காந்தத் திசைகாட்டியில் 123 பாகையைக் காண வேண்டும். தகரக் கூரைக்கும் இரும்புக் கம்பத்துக்கும் அருகில் ஊசி பொய் சொல்லும். ஆகவே சில அடி தள்ளி நின்று திசையைப் பார்த்து, அத்திசையில் தொலைவிலுள்ள மரம் ஒன்றை அடையாளமாகக் கொள்வது நலம். 60 செ.மீ. குடையின் பார்வை அகலம் சுமார் 3 பாகையே. குடையின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் 1 பாகை மாறிவிடும். எனவே மிக மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் செட்டாப் பாக்ஸ் காட்டும் தரக் கோடு உயர்கிறதா எனச் சில நொடிகள் பொறுத்துப் பார்க்க வேண்டும். பின்பு எல்.என்.பி.யையும் சிறிது சிறிதாகச் சுழற்றி, தரம் மிகுதியாகும் நிலையில் திருகுகளை முடுக்கலாம்.

கட்டணச் சேவைகளின் செயற்கைக்கோள்கள் வேறு இடங்களில் உள்ளன. 83 பாகையிலுள்ள டாடா பிளே சேவைக்கு உதகையில் ஏற்றம் சுமார் 75, திசை சுமார் 151 பாகை. 108.2 பாகையிலுள்ள ஏர்டெல் சேவைக்கு ஏற்றம் சுமார் 51, திசை சுமார் 108 பாகை.

பனியும் மழையும்

மூடுபனியால் படம் நிற்கும் என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். மூடுபனியின் துளிகள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே உடையவை; 2.6 செ.மீ. அலையை அவை பெரிதும் தடுப்பதில்லை. மழைத்துளிகள் மில்லிமீட்டர் கணக்கில் பெரியவை. பெருமழை அலையைச் சிதறச்செய்து உட்கொள்ளும். மழை தணிந்ததும் படம் தானே திரும்பும். அதற்காகக் குடையைத் தொடுதல் கூடாது. பனியால் வரும் கேடு வேறு. கேபிளின் முனையில் ஈரம் புகுந்து செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். முனையை நீர்புகா நாடாவால் சுற்றுவதும், கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு நீர் சொட்டச் செய்வதும் நம் மாவட்டத்தில் இன்றியமையாதவை. கம்பத்துக்குத் தரையிணைப்புக் கொடுத்து, இடி மின்னலின்போது இணைப்பைக் கழற்றிவிடுதல் உயிருக்கும் பொருளுக்கும் காப்பாகும்.

இவ்வறிவு எதற்கு?

2020-ஆம் ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது பாடங்கள் தொலைக்காட்சி வழியாக நடத்தப்பட்டன. அப்போது நான் பத்தாம் வகுப்பு. கைப்பேசி அலை எட்டாத எங்கள் லைன் வீடுகளில் தொலைக்காட்சியே பள்ளிக்கூடம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதக் காற்றில் எங்கள் குடை திரும்பிவிட்டது. நகரத்திலிருந்து பொருத்துநர் வர பன்னிரண்டு நாட்களாயின. வந்தவர் குடையை இரண்டு விரற்கடை அளவு திருப்பினார். என் தாயாரின் ஒருநாள் கூலியைப் பெற்றுச் சென்றார். அவர் வாங்கியது அவர் உழைப்புக்கும் வழிப்பயணத்துக்கும் உரியது; அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாட்களில் என்னோடு சேர்ந்து எதிர்வீட்டுப் பிள்ளைகளும் இழந்த பாடங்களை எண்ணினால், எங்கள் வரிசையில் ஒருவருக்காவது இரண்டு கோணங்கள் தெரிந்திருக்கலாகாதா என்று தோன்றுகிறது. அலை அப்போதும் எங்கள் கூரைமேல் பொழிந்துகொண்டேதான் இருந்தது.

இன்று எங்கள் வரிசையில் எவர் வீட்டுக் குடை திரும்பினாலும் திசைகாட்டியும் கோணமானியும் கொண்டு நானே சரிசெய்து தருகிறேன். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ் அலைவரிசைகள் சிலவே என்றாலும், டிடி தமிழ் உள்ளது. மாதக் கட்டணம் இல்லை. நாட்கூலிக் குடும்பங்களுக்கு இது சிறிய உதவி அன்று. பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இப்போது கோணமானியைத் தானே பிடித்து அளக்கிறான்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். பரவளையத்தையும் கோணங்களையும் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு நில்லாமல், அவற்றை நம் ஊர்க் கூரைகள் வரை கொண்டுசெல்வோம். இவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக் குடையையாவது சரிசெய்து, அவ்வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு அம்முறையைக் கற்பித்து வருவோமாக.