பங்கு வாங்குமுன் பாதையைப் பாருங்கள்



ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 36 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஆய்வு செய்யாத பாலத்தின் மேல் ஒரு வண்டியையும் விட்டதில்லை. ஆனால் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 2 லட்சம் ரூபாயை, அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் சொன்னார் என்பதற்காக, ஒரே நிறுவனத்தின் பங்குகளில் போட்டேன். "அந்தக் கம்பெனி என்னங்க செய்யுது?" என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளில் 2 லட்சம் 40 ஆயிரமாயிற்று. தவறு நண்பருடையதன்று, என்னுடையது. ஊரைவிட்டு வந்து வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் பிடிக்கும் நம் குடும்பங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

பங்கு என்றால் என்ன?

பங்கு வாங்குவது பந்தயம் கட்டுவதன்று. ஒரு தொழிலில் சிறு கூட்டாளி ஆவது. ஆகவே தொழிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரிலேயே இரண்டு பாடங்கள் உள்ளன. 1993இல் இன்ஃபோசிஸ் நிறுவனம் பங்கு ஒன்று 95 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு விற்க முன்வந்தபோது, வெளியிட்ட பங்குகளுக்குக்கூடப் போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. அன்று 9,500 ரூபாய் கொடுத்து 100 பங்குகள் வாங்கி, விற்காமல் வைத்திருந்தவரிடம், இலவசப் பங்குகளும் பங்குப் பிரிப்பும் சேர்ந்து 2018இல் 1,02,400 பங்குகள் இருந்தன.

மற்றொன்று கிங்ஃபிஷர் விமான நிறுவனம். 2005இல் பறக்கத் தொடங்கியது. விளம்பரமும் பகட்டும் எல்லோரையும் ஈர்த்தன. ஆனால் ஓர் ஆண்டுகூட அது இலாபம் காணவில்லை. கடன் மட்டும் ஏறியது. 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. ஆண்டறிக்கையைப் புரட்டியவருக்கு நஷ்டமும் கடனும் முன்பே தெரிந்திருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. நிறுவனம் எதை விற்கிறது, யார் வாங்குகிறார்கள்? இரண்டு வரியில் வீட்டாருக்குச் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

2. ஐந்து, பத்து ஆண்டுகளாகத் தொடர்ந்து இலாபம் உண்டா? சொந்த மூலதனத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு?

3. விலை நியாயமானதா? ஒரு கணக்கு: 1 கோடி பங்குகள் உள்ள நிறுவனம் ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் இலாபம் ஈட்டினால், பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய். பங்கின் விலை 150 என்றால், இலாபத்தைப்போல் 15 மடங்கு கொடுக்கிறோம். அதே துறையின் மற்ற நிறுவனங்களோடு இந்த மடங்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. நடத்துபவர்கள் நம்பத் தக்கவர்களா? இது கடினமான கேள்வி. சத்யம் நிறுவனத்தின் கணக்கில் இருந்த 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் உண்மையில் இல்லை என்பதை 2009 ஜனவரியில் அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். தணிக்கை முடிந்த கணக்கும் பொய்க்கலாம். அதனால்தான் எவ்வளவு நல்ல நிறுவனமானாலும் முழுப் பணத்தையும் ஒன்றிலேயே போடலாகாது.

நேரம் இல்லாதவர்களுக்கு

இவ்வளவும் பார்க்க எல்லோராலும் முடியாது. அவர்களுக்குக் குறியீட்டு நிதி ஏற்றது. நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் நிதியில் மாதம் ஒரு சிறு தொகை போட்டால், 50 பெரிய நிறுவனங்களில் பணம் பரவிவிடும். செலவும் குறைவு. சந்தை விழுந்தால் இதுவும் விழும். ஆனால் ஒரு நிறுவனம் கவிழ்ந்தால் நாமும் கவிழ மாட்டோம்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகாதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரை அவற்றில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்ததாக செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

கடைசியாக ஒன்று. ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை, அதாவது மகளின் திருமணத்துக்கோ மகனின் கல்லூரிக்கோ வைத்த பணத்தை, பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். இப்போது நான் எதை வாங்கினாலும் முதலில் என் மனைவியிடம் விளக்குகிறேன். அவளுக்குப் புரியாவிட்டால் வாங்குவதில்லை.